மாடிப்படியின் கீழே ஒரு மனிதன்

தோழா!

அடையாற்றின் வடகரையிலே, ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை அடுத்து, ராஜா அண்ணாமலைபுரம் என்றோர் பேட்டை இருப்பதை நீ அறிவாய். செட்டிநாட்டரசரின் பெயர் தாங்கிய பேட்டை. அமைச்சர் பெருமக்களின் மாளிகைகள் வரிசையிட்டு நிற்கும் பசுமைவழிச் சாலை அங்கேதான். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அண்ணல் அம்பேத்கரின் மணிமண்டபமும் அங்கேதான். தெருக்களுக்குப் பெயர்கூட வைக்காமல், முதல் பிரதான சாலை, இரண்டாம் பிரதான சாலை, குறுக்குத் தெரு என்று எண்ணிட்டு அழைக்கும் அளவுக்கு ஒழுங்கும் செழிப்பும் நிறைந்த இடம். மரநிழல், மதில்சுவர், மதில்மேல் கண்ணாடிச் சில்லு, வாயிலிலே ஒரு நாற்காலி, நாற்காலியிலே ஒரு மனிதன்.

அந்த மனிதனைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேசப் போகிறேன்.

சென்ற மாதம் மந்தைவெளியில் கூட்டம். பேசி முடித்து, தோழர்கள் இருவருடன் நடந்தே திரும்பினேன். மணி பதினொன்றைக் கடந்திருக்கும். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிலில், கால் முழுதும் மாவுக்கட்டோடு ஒருவர் படிக்கட்டில் சாய்ந்திருந்தார். என் தோழருள் ஒருவர் அவரை அறிந்தவர். நின்றோம். செய்யாற்றுப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், பெயர் வெளிவந்தால் அந்தப் படிக்கட்டும் அவருக்கு இல்லாமற் போகும். வயது நாற்பது. சம்பளம் பன்னிரண்டாயிரம். இருப்பிடம்? "இதோ" என்று கை காட்டினார். மாடிப்படியின் அடியிலே, மூன்று சுவரும் ஒரு சாக்குத் திரையுமாக ஓர் இடம். மின்அளவிப் பெட்டிகள் ஒரு பக்கம், துடைப்பமும் வாளியும் ஒரு பக்கம், யாரோ கழித்துக்கட்டிய மிதிவண்டி ஒரு பக்கம், நடுவிலே ஒரு பாய். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். குனிந்தே பழகியவருக்கு அது குறையாகத் தெரியவில்லை போலும்!

நடந்தது இது. மழைக்காலத்து நள்ளிரவு. மணி ஒன்று. மூன்றாம் மாடியிலிருந்து தொலைபேசி அழைப்பு: "தண்ணீர் வரவில்லை, மோட்டாரைப் போடு." எழுந்தார், இருட்டிலே நடந்தார், தரைத்தொட்டியின் மூடி விலகிக் கிடந்ததை அறியாமல் கால் வைத்தார். இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்திருக்கும்.

மறு ஞாயிறு குடியிருப்போர் கூடினர். தேநீர், பிஸ்கோத்து, அனுதாபம், ஆலோசனை. முடிவு: ஐயாயிரம் ரூபாய் உதவி. அதற்கு மேல் ஏன் இல்லை? காரணம் காட்டப்பட்டது, தோழா, காதைத் தீட்டிக் கொண்டு கேள்: "காவலாளியின் பணிநேரம் இரவு பத்து மணியோடு முடிகிறது. அதற்குப் பிறகு நடந்தது அவருடைய சொந்த நேரத்தில் நடந்தது."

சொந்த நேரம்!

நான் நாடகம் எழுதுகிறவன். ஒரே பாத்திரத்தை முதற் காட்சியில் ஒன்று பேச வைத்து, இரண்டாம் காட்சியில் அதற்கு நேர்மாறாகப் பேச வைத்தால், பாத்திரப் படைப்பு பாழ் என்று எழுதி விடுவார்கள். ஆனால் இங்கே பார். முதற் காட்சி, நள்ளிரவு: "மோட்டாரைப் போடு!" அழைத்தவர் நேரம் பார்க்கவில்லை, பத்து மணி அவர் நினைவுக்கு வரவில்லை, இருபத்து நான்கு மணி நேரமும் தமக்கே உரியது என்ற உறுதி குரலிலே தொனிக்கிறது. இரண்டாம் காட்சி, ஞாயிற்றுக்கிழமை காலை: அதே கனவான், அதே குரல், கையில் கடிகாரம்! பத்து மணிக்கு மேல் அந்த மனிதன் சுதந்திர புருஷனாம். தன் விருப்பப்படி உலவச் சென்றானாம். உலவிய இடத்திலே விழுந்தானாம். கூப்பிடும்போது வேலைக்காரன், கால் ஒடியும்போது குடிமகன்! எலும்பு முறிந்த பிறகு மட்டும் ஏழைக்கு வழங்கப்படும் இந்தச் சுதந்திரத்தை எந்தக் கொடிக்கம்பத்தில் ஏற்றுவது?

இதை ஒரு கட்டடத்தின் கதை என்று எண்ணிவிடாதே. பங்களாவின் பின்கட்டிலே படுத்திருக்கும் சமையற்கார அம்மையார், வண்டிக்கொட்டகை மேலறையில் வாழும் ஓட்டுநர், நோயுற்ற முதியவரின் கட்டிலடியில் பாய் விரிக்கும் பெண், எழும்பிக் கொண்டிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே அடுப்பு மூட்டும் வடபுலத்துக் கொத்தர், உணவு விடுதியின் மொட்டைமாடியில் உறங்கும் பரிமாறுவோர், ஆலை வளாகத்து விடுதியில் அடைந்து கிடக்கும் நூற்பாலைப் பெண்கள் ஆகிய எல்லோருக்கும் வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் ஒன்றே.

விரும்பியா இப்படி வாழ்கிறார்கள்? ராஜா அண்ணாமலைபுரத்தையே எடுத்துக்கொள். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் என்றோர் குடியிருப்பு. அங்கு வாழ்ந்த பெண்கள் பலர் சுற்றுப்புறத்து மாளிகைகளில் பாத்திரம் துலக்கி வந்தவர்கள். 2022 மே மாதம், நீதிமன்ற ஆணையின்படி அந்த வீடுகளை இடிக்க எந்திரங்கள் வந்தன. பொறுக்க மாட்டாமல் ஒரு முதியவர் தன் உடலுக்கே தீ மூட்டிக்கொண்டு மாண்டார். கால்வாய்க் கரைகளையும் ஆற்றங்கரைகளையும் விட்டுப் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்குகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆயிரமாயிரம். அங்கிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் காப்பி போட அடையாற்றுக்கு எப்படி வருவது? "இங்கேயே தங்கிவிடேன்" என்கிறார் எஜமானி. தங்குகிறாள். தங்கிய நாள் முதல் விடிவதும் அங்கே, அடைவதும் அங்கே. அவளுடைய நாளுக்கு எல்லைக்கோடு அழிந்து போகிறது.

இப்போது சட்டத்திடம் வருவோம். கல்லூரியின் வாசற்படியைப் பாதியிலேயே இறங்கி வந்தவன் நான். சட்டம் எனக்குப் பாடமல்ல. ஆயினும் மாவுக்கட்டுப் போட்ட அந்தக் கால் என்னைத் தூங்கவிடவில்லை, தேடிப் படித்தேன்.

1923 ஆம் ஆண்டு. அந்த ஆண்டு மே முதல் நாள்தான் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே இந்நாட்டின் முதல் மே தினக் கொடியை ஏற்றினார். அதே ஆண்டு மார்ச்சில்தான் தில்லியில் வெள்ளையர் ஆட்சி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. வேலையிலே அடிபட்டால் முதலாளி பணம் தர வேண்டும். அவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து, "வேலையிலிருந்து எழுந்ததாகவும், வேலையின் போக்கிலே நிகழ்ந்ததாகவும்" இருந்தாற் போதும். ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு! நூறாண்டுகளாக இந்த இரண்டு பூட்டுக்கும் சாவி தேடித்தான் விதவைகள் நீதிமன்றப் படியேறுகிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 29 சட்டங்களைச் சுருட்டி நான்காக்கியதாகப் பெருமை பேசிற்று. 1923 சட்டம் மறைந்தது. பூட்டுகள் மறையவில்லை, அதே சொற்கள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலே மறுபிறவி எடுத்துவிட்டன.

அந்தப் பூட்டு எப்படித் திறக்கிறது, எப்படித் திறக்க மறுக்கிறது என்பதற்கு இரண்டு காட்சிகள் காட்டுகிறேன்.

மராட்டிய மாநிலத்திலே ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. 2003 ஏப்ரல் 22. அதிகாலை மூன்று மணிப் பணிக்கு மோட்டார் சைக்கிளில் விரைகிறார். ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில் விபத்து, மரணம். வேலைக்கு வரும் வழிதானே, வேலை அல்லவே என்றது காப்பீட்டு நிறுவனம். ஆணையர் இழப்பீடு தந்தார், உயர்நீதிமன்றம் பறித்தது, 2025 ஜூலை 29 அன்று உச்சநீதிமன்றம், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, வழியும் வேலையின் நீட்சியே என்று தீர்ப்பளித்து மீட்டுக் கொடுத்தது. நல்ல தீர்ப்பு. நெஞ்சார வாழ்த்துவோம். புதிய தொகுப்பிலும் வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட பயணம் காக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் தோழா, சிந்தித்துப் பார். வீட்டிலிருந்து வேலைக்கு ஐந்து கிலோமீட்டர் தொலைவு இருப்பவனுக்கு அந்த ஐந்து கிலோமீட்டரும் காவல். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே தொலைவே இல்லாதவனுக்கு? பாயிலிருந்து தரைத்தொட்டிக்குப் பத்து அடி. அந்தப் பத்து அடி யாருடையது? வழியில் விழுந்தவனுக்கு வழக்குண்டு, வாசலில் விழுந்தவனுக்கு வழக்காடத் தெம்பில்லை!

மற்றொரு காட்சி. துவாரகா என்றொரு கப்பல். 1961 டிசம்பர். அதிலே மேல்தள வேலையாளாக ஓர் இளைஞர். கப்பலிலே வேலை, கப்பலிலே சோறு, கப்பலிலே உறக்கம். சுற்றிலும் கடல். 16 ஆம் நாள் இரவு இரண்டரை மணி அளவில் மேடையருகே நின்றிருந்தார், திருப்பி அனுப்பினார்கள். மூன்று மணிக்கு, படுக்கப் போகிறேன் என்று ஒரு தோழரிடம் சொன்னார். விடிந்ததும் ஆளில்லை. கடல் வாய் திறக்கவில்லை. தந்தை இழப்பீடு கேட்டார். மெக்கின்னன் மெக்கன்சி என்னும் கப்பல் நிறுவனம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1969 ஆகஸ்டில் தீர்ப்பு: விபத்து வேலையிலிருந்து எழுந்ததென நிரூபிக்கப்படவில்லை, எனவே காசில்லை. நடுக்கடலில் ஒருவனை வாழவைத்துவிட்டு, அங்கே அவன் மறைந்து போனால், "எப்படிப் போனான் என்று சாட்சி கொண்டு வா" என்று ஊரில் இருக்கும் கிழவனைக் கேட்பது நியாயமா? யாரைச் சாட்சிக்கு அழைப்பான்? மீனையா?

சட்டம் படித்தவர்கள் சொல்லக்கூடும், கப்பல் வேறு, கட்டடம் வேறு என்று. எனக்கு வேறுபாடு தெரியவில்லை. வாழும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருவருக்கும் இல்லை. அந்த இடத்தின் ஆபத்து இருவரையும் இருபத்து நான்கு மணி நேரமும் சூழ்ந்திருக்கிறது. ஆபத்து மூன்று பணிமுறை பார்க்கையில் காப்பு மட்டும் ஒரு பணிமுறை பார்ப்பானேன்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே இதற்கொரு விதி வகுத்திருக்கிறார்கள். பண்ணையாட்கள் கூட்டமாகப் படுக்கும் கொட்டகையின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்: 'பங்க்ஹவுஸ்' விதி. முதலாளியின் இடத்திலே தங்க வேண்டுமென்பது வேலையின் நிபந்தனையானால், அந்த இடத்தை முறையாகப் பயன்படுத்துகையில் நேரும் காயமும் வேலைக் காயமே. குளிக்கையில் வழுக்கினாலும், உறங்குகையில் கூரை விழுந்தாலும்! முதலாளித்துவத்தின் மூலக்கிருகம் என்று நாம் ஏசும் நாட்டிலே இந்தச் சிறு நியாயம் முளைத்திருக்கிறது. அதை அப்படியே பெயர்த்துவந்து நட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 'சொந்த நேரம்' என்று சொல்லி நகைக்காமல் இருந்தால் போதும் என்கிறேன்.

இன்னொரு வேடிக்கை கேள். 1923 சட்டம் எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தியதல்ல. இரண்டாம் அட்டவணை என்றொரு பட்டியலில் உள்ளவருக்கே பொருந்திற்று. பட்டியலைப் புரட்டினேன். யானைகளையும் காட்டு விலங்குகளையும் பழக்குவோர், பேணுவோர், வேலை வாங்குவோர், உண்டு. யானை பிடிக்கக் காட்டுக்குள் செல்வோர், உண்டு. பனையேறுவோர், உண்டு. நீரில் மூழ்குவோர், உண்டு. நல்லது; எல்லோரும் உழைப்பாளரே, எல்லோருக்கும் ஆபத்துண்டு. ஆனால் உலையேற்றிச் சோறாக்கும் பெண்? வீட்டு வேலையாள்? அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது அப்படியொரு வரி அதில் இல்லை! யானைப் பாகனைக் கண்ட கண்ணுக்கு, அடுக்களையில் நின்றவளைக் காணத் தெரியவில்லை. தெரியவில்லையா, தெரிய விரும்பவில்லையா? ஏனெனில் அதே வெள்ளையர், தம் சொந்த நாட்டிலே 1906 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டு வேலையாட்களையும் சேர்த்திருந்தார்கள்! இலண்டன் வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பதினேழு ஆண்டு முன்பே கொடுத்ததை, சென்னை வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. துரைமாருக்கு இங்கே வீட்டு வேலைக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். துரைமார் போனார்கள், அந்த வசதியை நம்மவர்கள் பத்திரமாகப் பெற்று வைத்துக்கொண்டார்கள்.

புதிய தொகுப்பிலும் அட்டவணை என்னும் வேலி நிற்கிறது. இழப்பீட்டு அத்தியாயத்துக்கு 'ஊழியர்' என்றால் அட்டவணையில் உள்ளவரே என்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2011 இல் வீட்டுப் பணியாளருக்கென 189 ஆம் ஒப்பந்தத்தை இயற்றியது; இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரி 29 அன்று உச்சநீதிமன்றமே, இவர்களுக்கான சட்டத்தைப் பற்றி ஆராயக் குழு அமையுங்கள் என்று ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில், வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லாமலே, தொகுப்புகள் மேடையேறின. அமைப்புசாராத் தொழிலாளர் என்ற பெரும் பையிலே எல்லோரையும் போட்டு, "திட்டம் வரும்" என்கிறார்கள். திட்டம் வேறு, தோழா, உரிமை வேறு. திட்டம் அரசின் கையிலிருந்து விழும். உரிமை முதலாளியின் கையிலிருந்து வாங்கப்படும். தமிழ்நாட்டில் 2007 இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்தோம், பெருமைக்குரியது. ஆனால் வாரியம் கொடுக்கும் உதவி பொதுமக்கள் பணம். தொட்டி மூடியைத் திறந்து போட்டவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காசு அதிலே குறைவதில்லை. குறையாத வரை மூடி மூடப்படாது.

மலையேறி வா, தோழா, இதன் முழுக் கொடுமையையும் காட்டுகிறேன்.

2020 ஆகஸ்ட் 6. மூணாற்றை அடுத்த ராஜமலை, பெட்டிமுடி. கொட்டும் மழை. தேயிலைத் தோட்டத்து லயங்களில் உழைத்துக் களைத்தவர்கள் உறங்குகிறார்கள். பெரும்பாலோர் நம்மவர், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன்பே மலையேறிய குடும்பங்கள். மலை சரிந்தது. எழுபது உயிர். பாட்டியும் பேரனும், தாயும் பிள்ளையும், ஒரே சேற்றுக்குள். சில உடல்கள் கடைசிவரை கிடைக்கவேயில்லை. மறுநாள் கோழிக்கோட்டிலே வானூர்தி விபத்து. கேரள அரசு வானிலிருந்து விழுந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் என்றது. மலையில் புதைந்தவர் குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் என்றது. வானூர்தியில் மாண்டவருக்குத் தந்தது மிகை என்று நான் சொல்லவில்லை. உழைப்பாளர் பெயரால் ஆளும் அரசுக்கே மலைத் தமிழனின் உயிர் பாதி விலைக்குத்தான் பட்டதே என்று வருந்துகிறேன்.

சரி, அரசுகள் தந்தது கருணைத் தொகை. தோட்ட முதலாளி தர வேண்டியது? அதற்கும் சட்டம் இருந்தது. 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981 இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ மாண்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். பார், எவ்வளவு அரிய சட்டம்! வேலை நேரமா, சொந்த நேரமா என்று கேட்கவில்லை. வேலைக்காரனா, வேலைக்காரன் பிள்ளையா என்றுகூடக் கேட்கவில்லை. கொடுத்தது உன் வீடு, எனவே பொறுப்பு உனது. இந்நாட்டில் இருக்குமிடத்திலேயே உழைப்பவனுக்காக எழுதப்பட்ட நேர்மையான வரி அதுதான். ஆனால் அந்த வரியின் வாலிலே ஒரு கொடுக்கு: "இயற்கைச் சீற்றத்தால் அல்லாமல்" இடிந்திருக்க வேண்டுமாம்!

மழை இயற்கை. மலை இயற்கை. மலைச் சரிவின் அடியிலே லயத்தைக் கட்டியது இயற்கையா? அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று சாவி கொடுத்தது இயற்கையா? மலைமேல் தேயிலை பறிப்பவனுக்கு மலையடிவாரத்தில் சாவதற்கும் இடம் ஒதுக்கித் தந்தது எந்தப் பருவக்காற்று?

அந்தச் சேறு காயும் முன்னே, ஏழு வாரம் நிறையும் முன்னே, 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் வெளியேறி நின்ற நாடாளுமன்றத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நிறைவேறிற்று. அந்தக் கொடுக்கைப் பிடுங்கி எறிய அதைவிட வாய்ப்பு ஏது? பிடுங்கவில்லை. இயற்கைச் சீற்றம் என்ற சொற்களைப் பத்திரமாக எடுத்துப் புதிய ஏட்டிலும் ஒட்டிவைத்தார்கள்.

மலைக்கு மட்டும் உரிய கதையா? 2014 ஜூலை 6, திருவள்ளூர் மாவட்டம் உப்பரபாளையம். கிடங்கின் உயர்ந்த மதிலை ஒட்டிக் கொட்டகை போட்டுக் கட்டடத் தொழிலாளர்களைத் தங்க வைத்திருந்தார்கள். மழையிலே மதில் சாய்ந்தது; பதினொரு பேர் மாண்டனர். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள், கிழக்குக் கடற்கரைச் சாலைக் கானத்தூர், ஜார்க்கண்டிலிருந்து வந்த இருவர் தங்கியிருந்த கொட்டகை மீது சுவர் விழுந்தது, இருவரும் போயினர். மதில் எழுப்பியவரும் அவரே, மதிலடியில் படு என்றவரும் அவரே. விழுந்தால் மட்டும் மழையின் குற்றம்!

இனி, எதிர்வாதிகளின் வாதம் ஒன்றிரண்டைப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக் கொண்டிருக்க இந்தப் பத்தி போதாது. பல, பதிலுக்குத் தகுதியற்றவை.

"எங்கள் வீட்டுப் பெண் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்பார்கள். கேட்கவே இனிக்கிறது. குடும்பத்தில் ஒருத்தியானால் எந்தத் தட்டில் சாப்பிடுகிறாள்? எந்த நாற்காலியில் உட்காருகிறாள்? குடும்பச் சொத்தில் அவளுக்குப் பாகம் எத்தனை? அரைத்து அரைத்து நான்கு விரலும் எந்திரத்துக்குள் போனால், ஒரு கையின் நான்கு விரலுக்கு 50 விழுக்காடு உழைப்பிழப்பு என்று பழைய சட்டத்தின் அட்டவணை சொன்னது. கட்டைவிரலுக்கு 30, ஒரு கண்ணுக்கு 40. குடும்பத்தில் ஒருத்தி என்று சொல்பவர், அந்த விழுக்காட்டில் ஒன்றையேனும் கொடுத்ததுண்டா? ஊருக்கு அனுப்பி வைப்பார்கள். 'உடம்பு தேறியதும் வா' என்பார்கள். வந்து பார்த்தால் அடுக்களையில் வேறொருத்தி நிற்பாள். இங்கே நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு: ஆலைத் தொழிலாளி கையை இழந்தால் வேலை போகிறது, வீட்டுக்குத் திரும்புகிறான். தங்கி உழைப்பவள் கையை இழந்தால் வேலையும் போகிறது, வீடும் போகிறது, அன்றிரவு படுக்குமிடமும் போகிறது. படிக்கட்டில் சாய்ந்திருந்த செய்யாற்றுக்காரர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இப்போது விளங்குகிறதா?

"அவன் கவனமாக நடந்திருக்கலாமே" என்பார்கள். குடித்திருந்தாலோ, வேண்டுமென்றே விதியை மீறினாலோ, பாதுகாப்புச் சாதனத்தைத் தானே கழற்றி எறிந்தாலோதான் முதலாளிக்கு விலக்கு. உயிரே போயிற்றென்றாலோ, நிரந்தரமாக முற்றும் முடமானாலோ அந்த விலக்கும் கிடையாது என்று 1923 சட்டமே சொல்லிவிட்டது. வெறும் கவனக்குறைவுக்குக் காலைப் பறிகொடுக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"நாங்கள் ஆலை முதலாளிகளா? நடுத்தரக் குடும்பம், இலட்சக்கணக்கில் எங்கே போவது?" என்பார்கள். இது ஓரளவு நேர்மையான கேள்வி. எனவே நேர்மையாகப் பதில் சொல்கிறேன். உம் வண்டிக்கொட்டகையில் நிற்கும் காரைப் பாரும், ஐயா. அதற்குக் காப்பீடு உண்டா? உண்டு, சட்டம் விடாது. சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்கு விபத்து நேர்ந்தால் அவருக்குரிய இழப்பீட்டுப் பொறுப்பையும் அந்தக் கட்டாயக் காப்பீடே ஏற்க வேண்டுமென 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லிற்று. அதே ஓட்டுநர் காரை விட்டிறங்கி, கொட்டகை மேலறைக்கு ஏறும்போது கைப்பிடியில்லாப் படியிலிருந்து விழுந்தால்? காருக்குள் காப்பு, காருக்கு வெளியே கைவிரிப்பு! தகரத்துக்குச் செய்ததைத் தசைக்குச் செய்யச் சொல்கிறேன். வீட்டுப் பணியாளருக்கான காப்பீடு விற்பனைக்கு இல்லாத பொருளல்ல, வாங்குவாரில்லாத பொருள். கட்டாயமாக்கினால் வாங்குவார்கள், காருக்கு வாங்குவது போல.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம். பன்னிரண்டாயிரம் சம்பளம், நாற்பது வயது. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 184.17. மரணமானால் சம்பளத்தில் பாதியைப் பெருக்க வேண்டும்: 11,05,020 ரூபாய். நிரந்தரமாக முற்றும் முடமானால் நூற்றுக்கு அறுபது பங்கு: 13,26,024. நம் செய்யாற்றுக்காரர் உழைக்கும் ஆற்றலில் முப்பது விழுக்காடு போயிற்றென்று மருத்துவர் எழுதினால், 3,97,807 ரூபாய். குடியிருப்போர் கொடுத்தது? ஐயாயிரம். மீதி மூன்று இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்துச் சொச்சம் தேநீரோடு கரைந்துவிட்டது!

அட்டவணையில் அவர் உண்டா என்று கேட்பாய். நன்றாகக் கேட்டாய். ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தைக் கட்டுவோர், இடிப்போர், பழுது பார்ப்போரோடு 'பராமரிப்போர்' என்றும் ஒரு சொல் அந்த அட்டவணையில் இருந்தது. மோட்டார் போடுவதும் தொட்டி பார்ப்பதும் பராமரிப்பில்லாமல் வேறென்ன? எந்த மாடிப்படியின் கீழே அவரைக் குனிய வைத்தார்களோ, அந்த மாடியே அவருக்குச் சட்டத்தின் கதவைத் திறக்கலாம். வழக்காடுவார்கள்; வழக்காடட்டும். ஆனால் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சமைக்கும் பெண்ணுக்கு அந்த இடுக்கும் கிடையாது. அவளுக்கு அட்டவணையில் புதிய வரி வேண்டும். ஒன்றிய அரசு மட்டுமல்ல, மாநில அரசும் அறிவிக்கையால் அட்டவணையில் ஆட்களைச் சேர்க்கலாம் என்று தொகுப்பே இடம் வைத்திருக்கிறது. வீட்டுப் பணியாளர், தங்கியிருப்போர் உட்பட. இந்தச் சொற்களை அதில் ஏற்றக் கேட்போம். தங்குமிடத்தில் நேரும் எந்தக் காயமும் வேலைக் காயமென்றே கொள்ளப்படும், அல்லவென்று காட்டும் சுமை முதலாளிக்கே என்று எழுதக் கேட்போம். 'இயற்கைச் சீற்றம்' என்ற கொடுக்கைப் பிடுங்கச் சொல்லித் தில்லியைக் கேட்போம்.

கேட்பதற்கு முன், ஒரு சங்கடமான செய்தி. நம் தோழர்கள் வீட்டிலும் வாயிற்காவலர் உண்டு; நம்மிலே வசதி படைத்தோர் மாடிப்படியின் அடியிலும் பாய் உண்டு. மெரினா உழைப்பாளர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு வீடு திரும்பி, நள்ளிரவில் "தண்ணீர் வரவில்லை" என்று குரல் கொடுப்போர் நம்மில் இல்லையென்று என்னால் மேடையேறிச் சொல்ல முடியாது. இதை எழுதுவதால் சிலர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும், சுளித்த பிறகு கீழே இறங்கிப் போய்த் தொட்டி மூடியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

செய்யாற்றுக்காரருக்கு மனு எழுதத் தொடங்கியிருக்கிறோம். முதலில் மறுத்தார்; படிக்கட்டை இழப்போம் என்ற பயம். மந்தைவெளித் தோழர் ஒருவர், வழக்கு முடியும் வரை தம் வீட்டு முன்னறை அவருக்குத்தான் என்று சொன்ன பிறகே கைநாட்டு வைத்தார். அவர் வைத்ததும், பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர், எதிர் வரிசையிலிருந்து ஓர் அம்மையார், கை வெந்த அடையாளத்தோடு. இப்போது மொத்தம் ஏழு பேர். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு மந்தைவெளிப் படிப்பகத்தில் உட்காருகிறோம். உன் தெருவில் அடிபட்டவர் இருந்தால் அழைத்து வா. விபத்து நடந்த நாள், நேரம், கூப்பிட்டது யார், கூப்பிட்ட தொலைபேசி எண், மருத்துவச் சீட்டு, சம்பளம் கொடுத்ததற்கு ஏதேனும் சான்று. இவை இருந்தால் கொண்டு வரச் சொல். இல்லாவிட்டாலும் வரச் சொல். காகிதமும் மையும் நான் கொண்டு வருகிறேன்.